மடிக்கணினி இயங்க மறுத்தால்: கடலோரப் பணியாளர்க்கு ஒரு வழிகாட்டி

விழிஞ்ஞம், திருவனந்தபுரம் நகருக்குத் தெற்கே அரபிக் கடலோரத்தில் அமைந்த மீன்பிடித் துறையாகும். கடலலையிலிருந்து மின்சாரம் பெறுவதற்கான 150 கிலோவாட் திறனுள்ள சோதனை நிலையம் 1991-ஆம் ஆண்டில் இங்கு இயங்கத் தொடங்கிற்று. மின்சாரம் நல்கிய அதே கடல், தன் உப்புக் காற்றினால் மின்கருவிகளுக்குப் பகையாகவும் விளங்குகிறது.

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கிளை ஒன்றும் இவ்வூரில் உள்ளது. இத்தகைய கடலோர நிலையங்களில் கணக்கெடுப்போர்க்கும், பள்ளி ஆசிரியர்க்கும் மடிக்கணினி இன்று அன்றாடக் கருவியாகிவிட்டது. ஒரு நாள் அது இயங்க மறுக்குமாயின், பல மாதத்துக் குறிப்புகள் அழிந்தனவோ என்ற அச்சம் எழுவது இயல்பே. ஆனால் குறிப்புகள் தங்கியிருப்பது சேமிப்புத் தட்டில்; பழுது பெரும்பாலும் மின்சாரம் வந்து சேரும் வழியில். ஆதலின் பதற்றமின்றி, எளியதிலிருந்து அரியதற்கு முறையாகச் சோதித்தல் வேண்டும்.

மின்சாரம் வருகிறதா?

சுவரிலுள்ள 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை, அடாப்டர் சுமார் 19 அல்லது 20 வோல்ட் நேர்திசை மின்சாரமாக மாற்றிக் கணினிக்கு அளிக்கிறது. முதலில் அதே சுவர்ச் செருகியில் வேறொரு விளக்கைப் பொருத்திப் பார்க்க. பின்னர் அடாப்டரின் வடம் நைந்துள்ளதா, கணினியில் நுழையும் முனை தளர்ந்துள்ளதா, பச்சை படிந்துள்ளதா என நோக்குக. அதே வோல்ட் அளவும் போதிய ஆம்பியர் அளவும் உடைய மற்றோர் அடாப்டர் கிடைப்பின் அதனைக் கொண்டு சோதிக்கலாம். நெடுநாள் பயன்படுத்தாத கணினியாயின் அரை மணி நேரம் மின்னூட்டிய பின்னரே முடிவு செய்க.

பயனில்லையேல் அடாப்டரை அகற்றி, கழற்றக்கூடிய பாட்டரியையும் எடுத்துவிட்டு, இயக்குபொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடிக்க. உள்ளே தங்கிய மின்னூட்டம் இதனால் வடிந்துவிடும். பின்பு அடாப்டரை மட்டும் இணைத்து இயக்கிப் பார்க்க. அப்போது இயங்குமாயின் ஐயத்திற்குரியது பாட்டரியே. பாட்டரி உப்பியிருப்பின் அதனைக் குத்துதலும் அழுத்துதலும் தீ விபத்தை விளைவிக்கும். உடனே பயன்பாட்டை நிறுத்துக.

திரை மட்டும் இருண்டதோ?

விசிறி சுழன்று, விளக்கு எரிந்தும் திரை இருண்டிருப்பதுண்டு. டார்ச் விளக்கின் ஒளியைத் திரைமீது சாய்த்துப் பார்க்கும்போது உருவங்கள் மங்கலாகத் தெரியுமாயின், பின்னொளியே பழுது. வெளித்திரையையோ புரொஜெக்டரையோ இணைத்தும் இதனை உறுதிசெய்யலாம். பீப் ஒலி சீராகத் திரும்பத் திரும்பக் கேட்குமாயின், நினைவகத் தகடு இடம் தளர்ந்திருத்தல் கூடும்; தொழில் அறிந்தவர் அதனைக் கழற்றிப் பொருத்துவார்.

உப்பின் வினை

காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைக் கடக்கும்போது சாதாரண உப்பு நீரை ஈர்த்துக் கரைகிறது. தூசியோடு கணினிக்குள் படிந்த உப்பு, மழைக்காலத்தில் மின்சாரம் கடத்தும் மெல்லிய படலமாகிறது. செம்பு இணைப்புகளை அரிக்கிறது. மாலையில் இயங்கிய கணினி காலையில் இயங்காமற் போவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

கடல்நீரே பட்டுவிடின், மீண்டும் மீண்டும் பொத்தானை அழுத்துதல் பெருந்தீங்கு. மின்னோட்டம் உள்ள ஈரத்தில் செம்பு விரைந்து அரிக்கப்படும். உடனே அணைத்து, அடாப்டரையும் கழற்றக்கூடிய பாட்டரியையும் நீக்கி, காலம் தாழ்த்தாது பழுதுபார்ப்பவரிடம் சேர்க்க. அரிசியில் புதைத்து வைப்பதால் உப்பு நீங்காது. உலர்ந்த பின்னும் அது உள்ளேயே தங்கிவிடும்.

குறிப்புகளைக் காத்தல்

கணினி அறவே பழுதாயினும், பல வகைகளில் சேமிப்புத் தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்துக் குறிப்புகளை மீட்க இயலும். ஆதலின் ‘எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவுவோம்’ என்று பழுதுபார்ப்பவர் கூறின், முதலில் குறிப்புகளை எடுத்துத் தருமாறு கேட்க. சில புதிய வகைகளில் சேமிப்பகம் தாய்ப்பலகையோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருப்பதால் இவ்வழி எளிதன்று. அன்றன்றைய குறிப்புகளுக்கு அன்றே ஒரு படி எடுத்து வேறிடத்தில் வைத்தலே உறுதியான காப்பு. பழுதான கருவிக்கு மாற்று வாங்கலாம். ஒரு நாளைய கடல் விளைச்சலை மறுநாள் எண்ணிவிட முடியாது.