வெற்றுப் பக்கத்தின் காரணம்

2014இல் 1.0 பதிப்பாக வெளிவந்த மீட்டியோர் என்னும் ஜாவாஸ்கிரிப்ட் கட்டமைப்பில் மாணவர் எழுதும் முதற்செயலி உடனே இயங்கிவிடும். புதிய திட்டத்தோடு வந்த ஆட்டோபப்ளிஷ் என்னும் பொதி, நாம் வரையறுத்த தொகுப்புகள் அனைத்தையும் ஒவ்வோர் உலாவிக்கும் அனுப்பிவிடுவதே காரணம். தொகுப்பு மதிப்பெண் பட்டியலாயின், ஒருவர் மதிப்பெண்ணை எல்லாரும் காண்பர். ஆதலால் அப்பொதியை நீக்கியே ஆகவேண்டும். நீக்கியதும் பக்கம் வெறுமையாகும்.

பலர் ரௌட்டரைக் குறைகூறுவர். அது பெரும்பாலும் குற்றமற்றது. முதலில் உலாவியின் கன்சோலில், மினிமாங்கோவிலுள்ள பதிவுகளை எண்ணிப் பார்க்க வேண்டும். (ஆசிரியர் இதை வகுப்பிலேயே செய்துகாட்டலாம்.) சுழியம் வந்தால், சேவையகம் வெளியிடும் பெயரும் உலாவி சந்தா கோரும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துள்ளனவா எனக் காண்க. எண்ணிக்கை சரியாக இருந்தும் பிழை தோன்றினால், தரவு வந்துசேருமுன்பே பக்கம் வரையப்பட்டுவிட்டது. அயர்ன் ரௌட்டரின் வெய்ட்ஆன் அமைப்பில் சந்தாவைக் கொடுத்தால் அது காத்திருக்கும்.

பெயர் ஒத்திருந்தும் காத்திருப்புக் குறி ஓயவே இல்லையெனின், வெளியீட்டுச் செயற்கூற்றை நோக்குக. உள்நுழையாதவருக்கு எதையும் தராமல் வெறுமனே திரும்பும் வரியில் இப்பிழை ஒளிந்திருக்கும். அங்கே ரெடி என்னும் அழைப்பை இடுதல் வேண்டும்.