பாதை எங்கே அறுபடுகிறது?

மெரினாவில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, 2022 நவம்பர் 27 அன்று, மணலின் குறுக்கே ஒரு மரப்பாதை திறக்கப்பட்டது. நீளம் 263 மீட்டர், அகலம் 3 மீட்டர், செலவு சுமார் 1 கோடியே 14 லட்சம் ரூபாய். அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் நாளையொட்டித் தற்காலிகப் பாதை போடுவார்கள். சில நாட்களில் பிரித்தும்விடுவார்கள். கடலைப் பார்க்க ஆண்டுக்கொரு தவணை! நிரந்தரப் பாதை வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, மாண்டஸ் புயல் அடித்தது. கடல் பக்கத்து முனை சேதமடைந்தது. பலகைகள் பெயர்ந்து கிடந்த படங்கள் ஊரெல்லாம் சுற்றின. ‘பணத்தைக் கடலில் கரைத்தார்கள்’ என்றார்கள் சிலர். ‘இதுவாவது செய்தார்களே’ என்றார்கள் சிலர். பிறகு பழுது பார்த்துத் திறந்தார்கள். இரண்டு தரப்புமே ஒரே பொருளைத்தான் பார்த்துப் பேசின, அந்தப் பலகைப் பாதையை. ஆனால் சக்கர நாற்காலியில் வருகிற ஒருவருக்கு மெரினா என்பது பலகையில் தொடங்குவதில்லை. வீட்டு வாசலில் தொடங்கி, அலை வந்து காலை நனைக்கும் இடம்வரை போய், மறுபடி வீட்டில் முடிகிறது. ஒரு கடற்கரை எல்லோருக்குமானதா என்று மதிப்பிட வேண்டுமானால் அங்கே என்னென்ன வசதிகள் உள்ளன என்று எண்ணுவது பயன்படாது. அந்த வழி எந்த இடத்தில் அறுபடுகிறது என்றுதான் தேட வேண்டும்.

‘மணல் என்றால் மணல்தான், இயற்கையை என்ன செய்ய முடியும்?’ என்ற பேச்சு இந்த விஷயத்தில் முதலில் வருவது. மெரினாவைப் பொறுத்தவரை அது பாதி உண்மைதான். இவ்வளவு அகலமான மணல் இங்கே ஆதியிலிருந்து இருந்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் சென்னைத் துறைமுகத்தின் தடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீண்டன. இந்தக் கரையோரமாக ஆண்டு முழுவதும் நகரும் மணலில் பெரும்பங்கு தெற்கிலிருந்து வடக்கே போவது. சுவர் குறுக்கே நின்றதும், தெற்குப் பக்கத்தில் மணல் சேர்ந்துகொண்டே வந்தது. வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரிக்கப்பட்டது. ஆளுநர் கிராண்ட் டஃப் 1880களில் கடலோர உலாச்சாலையை அமைத்து அதற்கு மெரினா என்று பெயர் வைத்தபோது கடல் இன்றைவிட அருகில் இருந்தது. ஆக, சாலைக்கும் அலைக்கும் நடுவே இன்று கிடக்கும் சில நூறு மீட்டர் மணல், மனிதர் கட்டிய ஒன்றின் விளைவு. ஒரு கட்டுமானத்தால் நீண்ட தூரத்தை இன்னொரு கட்டுமானத்தால் கடக்கச் செய்யலாமா என்று கேட்டால், அதில் இயற்கைக்கு எதிரானது எதுவுமில்லை.

சரி, மதிப்பீட்டை எங்கிருந்து தொடங்குவது? பேருந்து நிறுத்தத்திலிருந்து. நீண்ட வழக்குகளுக்குப் பிறகு 2024 ஆகஸ்டில் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் தாழ்தளப் பேருந்துகள் மீண்டும் ஓடத் தொடங்கின. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து தாழும்; நடுக்கதவில் சாய்பலகை விரியும். ஆனால் நிறுத்தத்தை ஆட்டோக்கள் அடைத்துக்கொண்டு நின்றால் பேருந்து நடுச்சாலையில்தான் நிற்கும். சாய்பலகை நடைமேடையைத் தொடாமல் தாரின் மேல் இறங்கும், சரிவு ஏறிவிடும். பறக்கும் ரயிலில் வருவதானால் திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம் நிலையங்கள் உயரத்தில் இருக்கின்றன. மின்தூக்கி நின்றுபோன நாளில் பயணம் மேலேயே முடிந்தது. இதையெல்லாம் தாண்டி வந்தால் நடைபாதை விளிம்பு. 15 சென்டிமீட்டர் உயரமுள்ள விளிம்புக்கு, ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற விதிப்படி 1.8 மீட்டர் நீளத்துக்குச் சரிவு வேண்டும். இடம் இல்லை என்று அரை மீட்டரில் சிமெண்டைப் பூசி ‘சாய்தளம்’ என்று பெயர் வைத்தால், அதில் ஏறுகிறவர் பின்பக்கம் மல்லாந்து விழ வாய்ப்புண்டு. ஆய்வுப் படிவத்தில் மட்டும் ‘சாய்தளம்: உண்டு’ என்று விழுந்துவிடும்.

அடுத்தது, நம் ஊருக்கே உரிய ஒரு விசித்திரம். நடைபாதையில் பைக் ஏறக்கூடாது என்று இரும்புக் குழாய்களை நட்டு வைப்பது. நோக்கம் நல்லதுதான். கைகளால் சக்கரத்தை உருட்டிப் போகிற நாற்காலி பெரும்பாலும் 65 முதல் 70 சென்டிமீட்டர் அகலம். உருட்டுகிற கைமுட்டிகளுக்கும் சேர்த்து 90 சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். பைக்கின் கைப்பிடி அகலமோ ஏறத்தாழ அந்த நாற்காலியின் அளவேதான். பைக்கைத் தடுக்கும் அளவுக்கு இடைவெளியைக் குறுக்கினால் தடுக்கப்படுவது சக்கர நாற்காலி. பைக்காரர் வண்டியைக் கொஞ்சம் வளைத்து வேறொரு சந்தில் நுழைந்துவிடுவார். அளவுநாடாவோடு போகிறவர் முதலில் அளக்க வேண்டியது இந்த இடைவெளியைத்தான்.

இனி மணல். சாதாரணச் சக்கர நாற்காலியின் முன்சக்கரங்கள் சிறியவை, ஒல்லியானவை. உட்கார்ந்திருப்பவரின் எடையில் ஒரு பங்கு அந்தக் குறுகிய பட்டையின் வழியாக உலர்மணலில் இறங்கும்போது சக்கரம் புதைகிறது. பின்னாலிருந்து தள்ளத் தள்ள இன்னும் ஆழமாகப் புதையும். ஆள் முன்னே சரிவார். கடற்கரைக்கென்றே செய்யப்படும் நாற்காலிகளின் சக்கரம் பூசணிக்காய்போல் உப்பியிருப்பதன் காரணம் இதுதான்: எடை பரவுகிறது, சக்கரம் மேலேயே மிதக்கிறது. மரப்பாதை செய்வதும் அதே வேலை. ஆனால் பலகைகளின் இடுக்கு அகலமானால் முன்சக்கரம் அதில் மாட்டும். ஊன்றுகோலின் நுனி இறங்கும். ஓர் ஆணி அரை விரல்கடை எழும்பியிருந்தாலும் நடைவண்டி பிடித்து வரும் முதியவருக்கு அது படிக்கட்டு. பாதை அலைவரை போவதுமில்லை. கரைக்கோடு பருவத்துக்குப் பருவம் மாறுவதால் சற்று முன்னாலேயே நிறுத்த வேண்டியிருக்கிறது. அந்தக் கடைசித் துண்டுக்குப் பூசணிச் சக்கர நாற்காலியும், தள்ள ஓர் ஆளும் வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாத நாளில் அத்தனை மீட்டர் பாதையும் ஒரு பார்வையாளர் மாடம், அவ்வளவே.

சக்கர நாற்காலியை மட்டும் வைத்து மதிப்பிடுவதும் பிழை. பார்வையற்றவருக்கு மணல் திசையற்ற வெளி. கோலைத் தட்டினால் எதிரொலி இல்லை. தொட்டுப் போகச் சுவர் இல்லை. அலையோசை ஒன்றுதான் துணை, அதுவும் பஜ்ஜிக் கடையின் ஒலிபெருக்கியில் அமுங்கிவிடும். பாதையின் இருபுறமும் கோல் தட்டுப்படும் உயரத்தில் ஒரு விளிம்புச் சட்டம் இருந்தால் அவர் துணையின்றிப் போய் வரலாம். நடைபாதையின் மஞ்சள் ஓடுகளில் நீளக்கோடு என்றால் ‘போ’, புள்ளி என்றால் ‘நில், கவனி’. கோடிட்ட ஓடு மின்கம்பத்தில் போய் முட்டினால் அதைப் பதித்தவருக்கு அது அலங்காரமாகத்தான் தெரிந்திருக்கிறது. காது கேளாதவருக்கோ, ‘தண்ணீரில் இறங்காதீர்கள்’ என்று காவலர் கத்துவது பயனில்லை. கொடியோ விளக்கோ வேண்டும். ஆட்டிசம் உள்ள பிள்ளையைக் கூட்டி வருகிற பெற்றோருக்கு ஞாயிறு மாலைக் கூட்டமும் இரைச்சலுமே தடை. இவற்றில் எதுவும் சரிவுகோணம் அளக்கிற கருவியில் தெரியாது.

இவை எல்லாவற்றையும்விட, வருவதா வேண்டாமா என்று முடிவு செய்வது கழிப்பறை. உள்ளே நாற்காலி முழுவதும் திரும்ப 1.5 மீட்டர் வட்டம் வேண்டும், கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், பக்கவாட்டில் பிடிக்கக் கம்பி வேண்டும். இதெல்லாம் இருந்தும், பூட்டிப்போட்டு உள்ளே வாளியும் பினாயிலும் அடுக்கி வைத்திருப்பது நம் பொது இடங்களில் அபூர்வமல்ல. அந்தக் கதவு திறக்காது என்று தெரிந்தவர், காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருவார். சென்னை வெயிலில் அது சின்ன விஷயமல்ல. பலர் வராமலே இருந்துவிடுவார்கள்.

‘எத்தனை பேர் வரப்போகிறார்கள்?’ என்ற கேள்விக்கு விடை இதிலேயே இருக்கிறது. பாலம் இல்லாத ஆற்றில் எத்தனை பேர் நீந்திக் கடக்கிறார்கள் என்று எண்ணிப் பாலத்தின் தேவையை முடிவு செய்வதில்லை. 2011 கணக்கெடுப்பின்படியே தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11 லட்சத்து 79 ஆயிரம் பேர். முட்டிவலிக்காரர்கள், கர்ப்பிணிகள், தள்ளுவண்டியில் குழந்தையைக் கொண்டுவருபவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. செலவு என்று பார்த்தாலும், மெரினா பாதை மீட்டருக்கு ஏறத்தாழ 43 ஆயிரம் ரூபாய். சற்றுக் கனமான மறுப்பு சூழலைப் பற்றியது. தை, மாசி, பங்குனியில் பங்குனி ஆமைகள் இந்தக் கரையில் ஏறி முட்டையிடுகின்றன. பாதையோரத்து வெளிச்சம் குஞ்சுகளைத் திசைமாற்றும். இதை அலட்சியப்படுத்த முடியாது. ஆனால் அதற்கு விடை பாதையே கூடாது என்பதல்ல. காங்கிரீட் போடாமல் மணலுக்குச் சற்று மேலே தூக்கிய மரமும், முட்டையிடும் மாதங்களில் தாழ்வான, மறைத்த விளக்குகளும். புயலுக்கும் விடை அங்கேதான்: கடல் பக்கத்துக் கடைசிப் பகுதியைக் கழற்றி எடுக்கும் துண்டுகளாகச் செய்தால் வடகிழக்குப் பருவமழைக்கு முன் சுருட்டி வைக்கலாம். அலை இழுக்கும், ஆபத்து என்பதும் மெய்தான். கிரேக்கக் கரைகளில் தண்டவாளத்தில் ஓடி நாற்காலியோடு கடலுக்குள் இறக்கும் ஏற்பாடு உண்டு. அங்கே கடல் சாது. மெரினாவின் அலைக்கு அது சரிவராது. இங்கே கேட்கப்படுவது நீச்சலல்ல, மற்றவர்கள் நிற்கிற அதே ஈரமணலில் நிற்பது.

சட்டம் இந்தப் பக்கம்தான் இருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொது இடங்களை அணுகத்தக்கதாக்கச் சொல்கிறது. ஆனால் அதன்கீழ் வந்த விதிகள் வழிகாட்டி நெறிகளைச் சுட்டியதோடு நின்றன. ‘செய்யலாம்’ என்பதும் ‘செய்தே ஆக வேண்டும்’ என்பதும் குழம்பிக் கிடந்தன. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் 15ஆவது விதியின் அந்தப் பகுதி சட்டத்துக்கு முரணானது என்று சொல்லி, கட்டாயமான தரங்களை மூன்று மாதத்தில் வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. கட்டாயத் தரம் வரட்டும், அது அவசியம். ஆனால் தரப்பட்டியல் தனித்தனி உறுப்புகளைத்தான் அளக்கும். அறுபட்ட இடத்தைக் கண்டுபிடிக்க, அந்த வழியில் போகவேண்டியவர்களே போக வேண்டும்: நாற்காலியில் ஒருவர், வெள்ளைக்கோலோடு ஒருவர், காது கேளாத ஒருவர், எழுபது வயது தாண்டிய ஒருவர். வேலைநாள் காலையில் ஒருமுறை, காணும் பொங்கல் கூட்டத்தில் ஒருமுறை, மழை விட்ட மறுநாள் ஒருமுறை. அதற்கான கூலியையும் கொடுத்துத்தான் கூப்பிட வேண்டும்; வெள்ளைச் சட்டை அதிகாரிகள் பத்து நிமிடம் நாற்காலியில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்வது அதற்கு ஈடாகாது.

போகும் வழியைப்போலவே திரும்பும் வழியும் அளக்கப்பட வேண்டும், இருட்டிய பிறகு. பிற்பகலில் எழும் கடற்காற்று மாலை முழுவதும் மணலை வாரிப் பலகைமேல் போடுகிறது. மூன்று மணிக்குச் சுத்தமாக இருந்த பாதை எட்டு மணிக்குத் திட்டுத் திட்டாக மணல். வரும்போது தானே உருட்டி வந்தவர் இப்போது ஆள் தேட வேண்டியிருக்கும். ஆய்வுக்குப் போகிறவர்கள் காவல்கூண்டின் பின்னால் எட்டிப்பார்த்து, அங்கே ஒரு துடைப்பம் இருக்கிறதா, அதைப் பிடிக்கும் ஆளுக்கு மாலை வேலைநேரம் எத்தனை மணிவரை என்பதையும் குறித்துக்கொள்வது நல்லது.