ஈப்போ நகர மைய மீட்டுருவாக்கமும் தோட்டத் தமிழரும்

முன்னுரை

பேராக் மாநிலத் தலைநகராகிய ஈப்போவின் மையப் பகுதியைப் புதுப்பிப்பது குறித்து இன்று பலரும் பேசுகின்றனர். அப்பேச்சில் ஈயத்தின் வரலாறு விரிவாக இடம்பெறுகிறது. இரப்பரின் வரலாறோ ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது. நகர மையத்தின் தளர்ச்சிக்கும் தோட்டச் சமுதாயத்தின் சிதறலுக்கும் உள்ள தொடர்பை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

நகரும் தோட்டமும்

கிந்தா ஆற்றின் மேற்கே பழைய நகரும் கிழக்கே புதிய நகரும் அமைந்துள்ளன. 1892ஆம் ஆண்டுத் தீவிபத்தில் பழைய நகரின் பெரும்பகுதி அழிந்தபின், நேரான தெருக்களுடன் அது மீண்டும் எழுப்பப்பட்டது. 1937இல் மாநிலத் தலைநகர் தைப்பிங்கிலிருந்து ஈப்போவுக்கு மாறியது. 1988இல் ஈப்போ மாநகர் என்னும் தகுதியைப் பெற்றது.

ஈயச் சுரங்கங்கள் நகருக்கு முதலீட்டைத் தந்தன. சுங்கை சிப்புட், சிம்மோர் முதலிய இடங்களைச் சூழ்ந்த இரப்பர்த் தோட்டங்கள் வாடிக்கையாளரைத் தந்தன. துணி, நகை, மளிகை, பூசைப் பொருள் ஆகியவற்றை விற்ற லகாட் சாலைக் கடைகளுக்குத் தோட்டத்துச் சம்பள நாளும் தீபாவளியுமே பெருவணிக நாள்களாக விளங்கின. இன்று லிட்டில் இந்தியா என வழங்கும் அப்பகுதி இவ்வுறவால் தழைத்தது எனலாம்.

தளர்ச்சியின் இரு காரணங்கள்

1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் நொடித்து ஈய விலை வீழ்ந்தது. கிந்தாப் பள்ளத்தாக்கின் சுரங்கங்கள் பல மூடப்பட்டன. இது பலரும் அறிந்த காரணம்.

மற்றொன்று மெல்ல நிகழ்ந்தது. 1950களின் பிற்பகுதியில் தொடங்கிய தோட்டத் துண்டாடலை எதிர்கொள்ளவே துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். ஆயினும் பின்வந்த ஆண்டுகளில் இரப்பர் நிலங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின. தோட்டத்தில் குடியிருப்பு வேலையோடு பிணைந்திருந்தமையால், வேலையை இழந்தவர் வீட்டையும் இழந்தார். இவ்வாறு வெளியேறிய குடும்பங்கள் புறநகர்களிலும் வேறு நகரங்களிலும் குடியேறின. அவர்களுடைய அன்றாடக் கொள்முதலும் அருகிலிருந்த பேரங்காடிகளுக்கு மாறியது.

இவற்றோடு, 1948க்கு முற்பட்ட கட்டடங்களின் வாடகையை வரம்புக்குள் வைத்திருந்த 1966ஆம் ஆண்டுச் சட்டம் 1997இல் நீக்கப்பட்டு, 1999இன் இறுதியில் அதன் பாதுகாப்பு முடிவுற்றது. பழைய கடைவீடுகளில் வாழ்ந்தோருக்கு இது மேலும் ஒரு நெருக்கடியாயிற்று.

புதுப்பிப்பின் இன்றைய போக்கு

2010இல் கோலாலம்பூருக்கும் ஈப்போவுக்கும் இடையே தொடங்கிய மின்தொடர்வண்டிச் சேவை, 2014இல் லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சக்கரேவிச் பழைய நகரில் தீட்டிய சுவரோவியங்கள், காப்பிக் கடைகளின் புகழ் ஆகியவை சுற்றுப்பயணிகளை ஈர்த்துள்ளன. இப்பயனை நாம் மறுக்கவில்லை. எனினும், 2008இல் உலக மரபுடைமைத் தகுதி பெற்ற பினாங்கு ஜார்ஜ்டவுனில் வாடகை உயர்வால் பழங்குடியிருப்பாளர் பலர் இடம்பெயர்ந்ததை நாம் கருத்திற்கொள்ள வேண்டும். முகப்பு அழகுற்றும், உள்ளே வாழ்ந்தோர் இல்லாத நிலை அங்குப் பல தெருக்களில் தோன்றியது.

செய்யத்தக்கவை

முதலாவதாக, மரபுடைமைக் கணக்கெடுப்பு கட்டடங்களோடு அவற்றில் நடைபெறும் தொழில்களையும் பதிவுசெய்தல் வேண்டும். பூத்தொடுப்போர், பொற்கொல்லர், மசாலை அரைப்போர் ஆகியோரின் கைத்திறனும் மரபுடைமையே. 2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டம் புலனாகா மரபையும் ஏற்கிறது.

இரண்டாவதாக, கடைவீடுகளின் மேல்தளங்களைத் தாங்கக்கூடிய வாடகையில் மீண்டும் குடியிருப்புகளாக்கலாம். இரவில் ஆளில்லாத தெரு, வார இறுதிச் சந்தையாக மட்டுமே எஞ்சும்.

மூன்றாவதாக, 1976ஆம் ஆண்டு நகர், ஊரகத் திட்டமிடல் சட்டத்தின்படி வட்டாரத் திட்ட வரைவுகள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுகின்றன, கருத்துரைக்கவும் வாய்ப்புண்டு. நம் இயக்கங்கள் அவ்வாய்ப்பைத் தவறவிடலாகாது.

முடிவுரை

ஆண்டுதோறும் தைப்பூசத்தன்று கல்லுமலை சுப்பிரமணியர் ஆலயத்தில் திரளும் கூட்டம், சிதறிய குடும்பங்களுக்கும் ஈப்போவுக்கும் உள்ள உறவு இன்னும் அறவில்லை என்பதைக் காட்டுகிறது. ஆனால், தோட்ட வாழ்வையும் லகாட் சாலையையும் நேரில் அறிந்த முதியோர் குறைந்து வருகின்றனர். அவர்தம் நினைவுகளை மாணவரைக் கொண்டு திரட்டும் பணியைப் பேராக் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் மேற்கொள்ளலாம். திட்ட வரைவுகள் பார்வைக்கு வரும்போது, நம் தரப்பில் முன்வைப்பதற்கு அப்பதிவுகளே சான்றாக அமையும்.