வீதிகள் உரைக்கும் வரலாறு

கோவலன் மதுரை நகரைச் சுற்றிக் கண்டதைச் சிலப்பதிகாரம் ஊர்காண் காதையில் விரித்துரைக்கிறது. அந்நகரின் பழைய பகுதியை இன்றும் நடந்தே அறியலாம். அங்கே வீதிப்பெயர்களே வரலாற்று ஆவணங்களாகத் திகழ்கின்றன.

மாதங்களின் பெயரில் வீதிகள்

மீனாட்சியம்மன் கோயிலை நடுவாகக் கொண்டு ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி வீதிகள் ஒன்றனைச் சூழ்ந்து ஒன்றாக அமைந்துள்ளன. ஆடி வீதி கோயில் மதிலுக்குள் உள்ளது. இன்று சித்திரைத் தேர் ஓடுவதோ மாசி வீதிகளில். மாசியில் நிகழ்ந்த விழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார் என்பது மரபு. விழா மாறியபின்னும் வீதி தன் பழம்பெயரை விடவில்லை.

கீழ்ப்புறம்

நடையைக் கீழைக் கோபுரத்தின் எதிரேயுள்ள புதுமண்டபத்தில் தொடங்கலாம். வசந்த விழாவுக்காகத் திருமலை நாயக்கர் எழுப்பிய இம்மண்டபம், நெடுங்காலம் தையற்காரர்களும் நூல் வணிகர்களும் நிறைந்த அங்காடியாகவும் விளங்கியது. அதனையடுத்து முற்றுப்பெறாத இராயகோபுரம் நிற்கிறது. அருகே ஏழுகடல் தெரு. பெயர் தந்த குளம் இன்றில்லை. எழுத்தாணிக்காரத் தெரு, ஓலையில் எழுதிய காலத்தை நினைவூட்டுகிறது. எழுத்தாணி மறைந்தது, பெயர் மட்டும் எஞ்சியது.

அரண்மனையின் எல்லை

தெற்கே சென்றால் விளக்குத்தூணையும், அதற்கப்பால் பத்துத்தூண் சந்தையும் காணலாம். கடைகளுக்கிடையே உயர்ந்து நிற்கும் அத்தூண்கள், 1636இல் கட்டப்பெற்ற திருமலை நாயக்கர் அரண்மனையின் பகுதியாக இருந்தவை. அங்கிருந்து இன்றைய மகால் வரை நடப்போர், அழிந்துபோன அரண்மனையின் பரப்பைத் தம் காலடிகளாலேயே அளந்தறிவர்.

கோட்டை வீதியான கதை

மேலமாசி வீதியில் ஓர் இல்லத்தில் தங்கியிருந்தபோதுதான், 1921 செப்டம்பர் 22 அன்று காந்தியடிகள் அரையாடைக் கோலத்தை ஏற்றார். அதற்கும் அப்பால் வெளி வீதிகள் உள்ளன. 1840ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் ஆட்சியர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து அகழியைத் தூர்க்கச் செய்தார். நெருக்கத்தால் திணறிய நகர் விரிந்தது. ஆனால் அதன் அரண் மறைந்தது. மேற்கே எஞ்சிய கொத்தளமே இன்று அதற்குச் சான்று. விளக்குத்தூண் அவ்வாட்சியரின் நினைவாக எழுந்தது. அப்பணியில் ஈடுபட்ட நில அளவையாளர் மாரட், மேற்பார்வையாளர் பெருமாள் மேஸ்திரி ஆகியோர் பெயராலும் வீதிகள் உள்ளன.

நம் கடமை

குளம் தூர்ந்தபின்னும் கோட்டை இடிந்தபின்னும் அவற்றை நமக்கு உணர்த்துபவை பெயர்களே. ஒரு பெயரைச் சுருக்கினாலோ மாற்றினாலோ, அது சுமந்துநின்ற செய்தியும் உடன் அழியும். ஆகவே நாம் வாழும் ஊரின் தெருப்பெயர்களுக்கு முதியோரிடம் பொருள் கேட்டு எழுதிவைப்பதும் வரலாற்றுப் பணியே ஆகும்.