மலையேறும் வண்டிக்கு எதற்கு யூரியா?

சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். அதற்கும் அப்பால் வாழவந்திப் பக்கம் போகிற டீசல் பஸ்ஸின் எஞ்சின் வழிநெடுக முக்கி முனகித்தான் ஏறும். அது இழுக்கும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். சாதாரணமாக எதோடும் ஒட்டாத வாயு. ஆனால் டீசல் எரியும் இடத்தில் வெப்பம் 1,500 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது, அதுவும் ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடாகிவிடுகிறது. ஏற்றத்தில் சுமை கூடினால் இதுவும் கூடும். கரும்புகையைக் கண்டால் முகத்தை மூடிக்கொள்கிறோம். இந்த வாயு கண்ணில் படுவதில்லை. வெயில் பட்டால் தரைமட்ட ஓசோன் உருவாகவும் வழிசெய்து நுரையீரலையும் பயிரையும் கெடுக்கும்.

பெட்ரோல் காரில் இதை அடக்குவது எளிது. டீசல் புகையிலோ எரியாத ஆக்சிஜன் நிறைய மிச்சமிருக்கும். நைட்ரஜன் ஆக்சைடை நீக்க எதைச் செலுத்தினாலும் பெரும்பாலும் ஆக்சிஜனே முந்திக்கொண்டு அதை எரித்துவிடும். அம்மோனியா விதிவிலக்கு. தகுந்த வினையூக்கியின் மேல் அது அத்தனை ஆக்சிஜனுக்கு நடுவிலும் நைட்ரஜன் ஆக்சைடைத் தேடிப் பிடிக்கிறது. தாமிரம் ஏற்றிய ஜியோலைட்டும், டைட்டானியம் ஆக்சைடில் படிந்த வனேடியம் ஆக்சைடும் அத்தகைய வினையூக்கிகள்.

நச்சு வாயுவான அம்மோனியாவை அப்படியே வண்டியில் சுமக்க முடியாது. அதனால் 32.5 சதவீத யூரியா கலந்த நீரை சைலன்சர் பாதையில் பீய்ச்சுகிறார்கள். சூட்டில் யூரியா சிதைந்து அம்மோனியாவாகிறது. 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 புகை விதிப்படி, கனரக எஞ்சின் ஒரு கிலோவாட் மணி வேலைக்கு வெளியிடலாம் என்றிருந்த 3.5 கிராம் நைட்ரஜன் ஆக்சைடு 0.46 கிராமாகச் சுருங்கியது. ஓட்டுநர்கள் பரவலாக வண்டிக்கும் யூரியா வாங்கத் தொடங்கியதன் காரணம் இதுதான்.

எனக்கு வியப்பாக இருப்பது இதற்கு அடுத்த கட்டம். வினையூக்கியின் மேல் பிறக்கும் ஏறத்தாழ ஒவ்வொரு நைட்ரஜன் மூலக்கூறிலும் ஓர் அணு புகையிலிருந்து வந்தது, மற்றது அம்மோனியாவிலிருந்து வந்தது. ஐசோடோப்பு அடையாளமிட்டுச் சோதித்து உறுதிசெய்த உண்மை இது. இரண்டுமே முன்பு காற்றில் இருந்தவைதாம். ஒன்றை எஞ்சின் தீ உடைத்தது. மற்றதை, யூரியாவுக்காக, உரத் தொழிற்சாலை உடைத்தது. இரண்டும் சைலன்சருக்குள் ஜோடி சேர்ந்து மறுபடி காற்றுக்கே போகின்றன. உடன் வருவது வெறும் நீராவி.

ஏற்றம் இந்த வினையூக்கிக்குப் பிடித்த இடம். புகை நல்ல சூடாக இருக்கும். இறக்கத்தில்தான் சங்கடம். ஆக்ஸிலரேட்டரை விட்டு இறங்கும்போது புகை ஆறிவிடுகிறது. ஏறத்தாழ 200 டிகிரிக்குக் கீழே யூரியா சரியாகச் சிதையாமல் திடப்பொருளாகப் படியும் என்பதால், கட்டுப்பாட்டுக் கருவி பீய்ச்சுவதையே நிறுத்திவிடும். ஜியோலைட் தன் நுண்துளைகளில் சேமித்த அம்மோனியா கொஞ்ச நேரம் தாங்கும், அவ்வளவுதான்.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உர மூட்டை வீட்டில் கிடக்கிறதே என்று அதைக் கரைத்து வண்டியில் ஊற்றிவிடாதீர்கள். 2015 முதல் வயல் யூரியா வேப்பெண்ணெய் பூசியே வருகிறது. அந்த எண்ணெயும் மற்ற அசுத்தங்களும் பீய்ச்சும் முனையை அடைக்கும், வினையூக்கியையும் கெடுக்கும். அதை மாற்றும் செலவுக்கு எத்தனையோ மூட்டை உரம் வாங்கலாம்.