பாகு பூசிய ஆப்பிளும் நம் கொல்லைப் பழங்களும்: வீட்டில் செய்யும் முறை

வெல்லப் பாகும் சர்க்கரைப் பாகும் நம் வீட்டுப் பெண்மணிகளுக்குப் புதியவை அல்ல. கடலை உருண்டை, பொரிவிளங்காய் உருண்டை, கார்த்திகைப் பொரி உருண்டை ஆகிய யாவும் பாகின் பதத்தை அறிந்து செய்யப்படுபவையே. இவ்வகைத் தொழிலில் பெயர் பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-ஆம் வருஷத்தில் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதே பாகை இன்னும் சற்று முற்றக் காய்ச்சி, முழுப் பழத்தின்மேல் பூசி ஆறவிட்டால், கண்ணாடி போன்ற மெல்லிய ஓடு பழத்தைச் சுற்றிப் படிகிறது. பட்டணத்துப் பொருட்காட்சிகளில் சிறுவர்கள் விரும்பி வாங்கும் பாகு பூசிய ஆப்பிள் என்பது இதுவே.

மேல்நாடுகளில் இது நெடுநாளாய் வழங்கி வருகிறது. அமெரிக்காவில் நியூவார்க் நகரத்து மிட்டாய் வியாபாரி வில்லியம் கோல்ப் என்பவர் 1908-ஆம் வருஷத்தில் சிவந்த பாகில் ஆப்பிளைத் தோய்த்துக் கடையில் வைத்தார் என்று சொல்லப்படுகிறது. இங்கிலாந்தில் நவம்பர் 5-ஆம் தேதி நடக்கும் வாணவேடிக்கைப் பண்டிகைக்கு இதைச் செய்கிறார்கள். சீன தேசத்தின் வட பாகத்திலோ, புளிப்பான சிறு பழங்களைக் குச்சியில் கோத்துப் பாகிட்டு, பனிக்காலத்தில் தெருக்களில் விற்பது பழைய வழக்கம்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் ஆப்பிள் விளைவதில்லை. அம்மரத்திற்குக் குளிர் அவசியம். ஹிமாசலப் பிரதேசத்திலும் காஷ்மீரத்திலும் விளைந்து கோயம்பேடு சந்தை வழியாய் வருவதையே வாங்க வேண்டும். அப்படியிருக்க, இதைப் பற்றிக் குடியானவர்கள் அறிவதால் என்ன பிரயோஜனம் என்று கேட்கலாம். அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியுடன் சேர்ந்தது. ஆவடி 2019-இல் தனி மாநகராட்சி ஆயிற்று. நிலம் சுருங்கினாலும் வாங்குவோர் வாசலுக்கே வந்துவிட்டனர். ஆடி மாதத்தில் திருவேற்காடு, மாங்காடு ஆலயங்களுக்கு வரும் ஜனத்திரளையும் சொல்ல வேண்டும். ஹிமாசலத்து ஆப்பிள் வரத் தொடங்குவதும் அக்காலத்திலேயே. மேலும், ஆப்பிளுக்குச் சொன்ன முறை நம் கொல்லையில் காய்க்கும் கொய்யாவுக்கும் நெல்லிக்கும் அப்படியே பொருந்தும்.

ஆயினும், பார்வைக்கு எளிதாய்த் தோன்றும் இப்பண்டம் பெரும்பாலும் ஒரே காரணத்தால் கெடுகிறது. அக்காரணம் ஈரம். பாகில் மிஞ்சும் ஈரம், பழத்தின் தோலில் நிற்கும் ஈரம், காற்றிலுள்ள ஈரம், குச்சி குத்திய துளையில் கசியும் ஈரம் ஆகிய நான்கையும் விலக்கினால் காரியம் சித்திக்கும்.

பாகின் பதம்

சர்க்கரையும் தண்ணீரும் சேர்ந்து கொதிக்கும்போது தண்ணீர் ஆவியாய்ப் போகப் போகப் பாகின் உஷ்ணம் ஏறுகிறது. ஆகவே உஷ்ணத்தைக் கொண்டே பாகில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்று அறியலாம். ஏறக்குறைய 110 டிகிரி சென்டிகிரேடில் கம்பிப் பதம் வருகிறது. அப்போது பாகில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் இருக்கும். 121 முதல் 130 டிகிரிக்குள், தண்ணீரில் விட்டு உருட்டித் தட்டில் போட்டால் ‘டங்’ என்று ஓசை கேட்கும் உருட்டுப் பதம் வரும். இதில் தண்ணீர் நூற்றுக்கு எட்டுப் பங்கு. 150 டிகிரியை எட்டும்போதோ தண்ணீர் நூற்றுக்கு ஒரு பங்கே. இதை உடையும் பதம் எனலாம்.

நம் வீடுகளில் பழகிய கை உருட்டுப் பதத்தில் பாத்திரத்தை இறக்கிவிடும். கடலை உருண்டைக்கு அது சரியான பதம். பழத்திற்கு அது போதாது. மிஞ்சிய எட்டுப் பங்கு தண்ணீரால் பூச்சு பல்லில் ஒட்டும். சில மணி நேரத்தில் இளகி வடியும். முதல் முறை செய்வோர் பலரும் தவறுவது இவ்விடத்திலேதான். உஷ்ணமானி இல்லாதவர்கள் ஒரு கிண்ணத்துக் குளிர்ந்த தண்ணீரில் ஒரு துளி பாகை விட்டு, உடனே எடுத்து வளைத்துப் பார்க்க வேண்டும். வளைந்தால் பதம் வரவில்லை. வளையாமல் ‘படக்’ என்று கண்ணாடிபோல் முறிந்தால் பதம் வந்துவிட்டது. இதைத் தாண்டிச் சுமார் 160 டிகிரியில் பாகு சிவக்கத் தொடங்கி, பிறகு கருகிக் கசக்கும். 140 டிகிரிக்கு மேல் உஷ்ணம் விரைந்து ஏறுமாதலால் அடுப்பை விட்டு அகலலாகாது.

வெண் சர்க்கரைப் பாகு ஆறும்போது மீண்டும் மணல்போல் பூத்துவிடுவதுண்டு. சிறிது எலுமிச்சம்பழ ரசம் சேர்த்தால் அதன் புளிப்பு சர்க்கரையில் ஒரு பாகத்தை வேறு இருவகைச் சர்க்கரைகளாகப் பிரித்து, பூப்பதைத் தடுக்கிறது. ரசம் மிகுந்தாலோ பாகு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும். வெல்லத்தில் இவ்வகைச் சர்க்கரை இயல்பாகவே உள்ளபடியால், வெல்லப் பூச்சு ருசியாயிருப்பினும் விரைவில் இளகும். அடியும் சீக்கிரம் பிடிக்கும். எனவே பழகும் வரையில் வெண் சர்க்கரையே நலம்.

பழத்தைத் தயார் செய்தல்

பழம் சிறியதாயும் கெட்டியாயும் சிறிது புளிப்புள்ளதாயும் இருப்பது நல்லது. அடிபட்டதும் காம்படியில் அழுகியதும் ஆகாது. சந்தைக்கு வரும் ஆப்பிளில் பளபளப்புக்காகவும் வாடாமலிருக்கவும் மெழுகு பூசியிருப்பதுண்டு. மெழுகின்மேல் பாகு பிடிக்காது, வழுக்கி இறங்கும். ஆகையால் பழத்தை நன்றாகக் கழுவி, கொதிக்கும் தண்ணீரில் சில விநாடிகள் மட்டும் முக்கி எடுத்து, சுத்தமான துணியால் அழுத்தித் துடைக்க வேண்டும். பிறகு மின்விசிறியின் கீழ் ஒரு மணி நேரமாவது உலர விடுவது அவசியம். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த பழம் வியர்க்கும். அது அறையின் உஷ்ணத்திற்கு வந்த பிறகே உபயோகிக்கத்தக்கது. மூங்கில் குச்சிகளைக் கொதிநீரில் போட்டெடுத்து நன்கு காயவைத்து, பாகு அடுப்பில் ஏறிய பிறகு காம்பின் பக்கமாய்ச் செருக வேண்டும். முந்தின இரவே குத்தி வைப்பது தவறு. அதன் காரணம் பின்னர்ச் சொல்லப்படும்.

செய்முறை

ஒவ்வொன்றும் சுமார் 125 கிராம் எடையுள்ள 8 பழங்களுக்கு, வெண் சர்க்கரை 500 கிராம், தண்ணீர் 200 மில்லி, எலுமிச்சம்பழ ரசம் ஒரு தேக்கரண்டி போதுமானவை. அடி கனத்த, ஆழமான பாத்திரத்தில் சர்க்கரையையும் தண்ணீரையும் இட்டு, மிதமான தீயில் கிளறிக் கரைக்க வேண்டும். முழுவதும் கரைந்து கொதி வந்ததும் ரசத்தைச் சேர்த்து, அதன்பின் கரண்டியை விடவே கூடாது. கிளறினால் பாகு பூத்துப்போகும். பாத்திரத்தின் உட்புறத்தில் ஒட்டும் சர்க்கரைத் துகள்களை நனைத்த தூரிகையால் வழித்து உள்ளே இறக்கிவிட வேண்டும். ஒரு துகள் விழுந்தாலும் அது விதைபோல் நின்று பாகு முழுவதையும் பூக்கச் செய்யும்.

பதம் வந்ததும் பாத்திரத்தை இறக்கி, அதன் அடியை ஒரு கணம் தண்ணீரில் வைத்து எடுத்தால் மேலும் முற்றாது. கொதி அடங்கியதும் பாத்திரத்தைச் சாய்த்து, பழத்தைக் குச்சியால் பிடித்துப் பாகில் ஒரு சுற்றுச் சுற்றி, மேலே தூக்கி மிகுதியை வடிய விட்டு, நெய் தடவிய எவர்சில்வர் தட்டில் வைக்க வேண்டும். எல்லாப் பழங்களையும் சில நிமிஷங்களில் முடிக்க வேண்டுமாதலால் இருவர் சேர்ந்து செய்வது உத்தமம். பாகு இறுகினால் சிறு தீயில் மறுபடி இளக்கலாம். மிஞ்சிய பாகை வீணாக்காமல் வறுத்த வேர்க்கடலையின்மேல் ஊற்றி ஆறவிட்டால் அதுவே மற்றொரு மிட்டாயாகும்.

இப்பாகு கொதிக்கும் தண்ணீரைவிட 50 டிகிரி அதிக உஷ்ணமுள்ளது; மேலே பட்டால் தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். அடுப்பண்டை குழந்தைகளை விடலாகாது. பக்கத்தில் ஒரு வாளி குளிர்ந்த தண்ணீர் தயாராயிருக்க வேண்டும். சுட்டுவிட்டால், ஓடும் தண்ணீரில் 20 நிமிஷம் பிடித்து, பிறகு வைத்தியரிடம் காட்ட வேண்டும். மை, எண்ணெய், மாவு முதலியவற்றைத் தடவுதல் கெடுதி.

காற்றின் ஈரம்

நன்றாய்ச் செய்த பூச்சும் சென்னைக் கடற்காற்றில் நெடுநேரம் நில்லாது. உலர்ந்த பாகு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் இதைச் செய்வது வீண் முயற்சி. மற்றக் காலங்களிலும், காலைப் பனி நீங்கி வெயில் ஏறிய பிறகே தொடங்க வேண்டும். பூச்சு முற்றும் ஆறியதும் ஒவ்வொன்றையும் ஈரம் புகாத மெல்லிய தாளில் இறுக்கிச் சுற்றிவிட வேண்டும். சூட்டோடு சுற்றினால் உள்ளே வியர்த்து இளகும்.

குச்சியால் வரும் அபாயம்

ருசி கெடுவதை விடப் பெரிய அபாயம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் 2014-ஆம் வருஷத்தின் கடைசியில், இளம்பாகு பூசிய ஆப்பிள்களை உண்டதனால் 12 ராஜ்யங்களில் 35 பேர் லிஸ்டீரியா என்னும் கிருமியால் நோயுற்றனர். அவர்களில் 34 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர், எழுவர் இறந்தனர், அவ்வெழுவரில் குறைந்தது மூவரின் மரணத்திற்கு இந்நோயும் காரணமென்று அறியப்பட்டது. ஆப்பிளின் புளிப்பிலும் பாகின் இனிப்பிலும் தனித்தனியே இக்கிருமி எளிதில் வளராது. ஆனால் குச்சி குத்திய துளை வழியே கசிந்த சாறு, தோலுக்கும் பூச்சுக்கும் இடையே தங்கி, கிருமிக்கு வேண்டிய ஈரத்தைத் தந்தது. 2015-இல் விஸ்கான்சின் சர்வகலாசாலையில் சோதித்தபோது, குச்சி செருகிய பழங்களை 25 டிகிரியில் மூன்று நாள் வைத்ததில் கிருமி ஆயிரம் மடங்குக்கு மேல் பெருகியது. குச்சியில்லாத பழங்களில் அது தாமதமாகவே பெருகியது.

நம் ஊரின் உஷ்ணமோ 25 டிகிரிக்கும் மேற்பட்டது. ஆகையால் பழத்தை நன்கு கழுவுவதும், குச்சியைப் பூசும் வேளையிலேயே செருகுவதும், காலையில் செய்ததை அன்றிரவுக்குள் முடிப்பதும் விதியாய்க் கொள்ளத்தக்கவை. மிஞ்சியதை மறுநாள் விற்பது ஆகாது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாலும், இக்கிருமி குளிரிலும் மெல்ல வளரக்கூடியது. வெளியே எடுத்ததும் பூச்சும் வியர்த்து இளகும். கர்ப்பிணிகளையும் முதியோரையும் இந்நோய் கடுமையாய்ப் பற்றும்.

வர்ணம்

செக்கச்செவேலென்றிருந்தால்தான் விலைபோகும் என்று எண்ணி, சாயப்பொடி சேர்ப்போர் உண்டு. துணிக்குச் சாயமேற்றும் ரோடமின்-பி கலந்திருந்தது சோதனையில் தெரிந்தபடியால், 2024-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் தமிழக அரசு பஞ்சு மிட்டாய் விற்பனையைத் தடை செய்தது. பீட்ரூட் சாறு தீங்கற்றதாயினும் 150 டிகிரி சூட்டில் அதன் நிறம் நில்லாது. சட்டம் அனுமதித்த உணவு வர்ணங்களை விதித்த அளவுக்குள் சேர்க்கலாம். எனினும், சிவந்த ஆப்பிளின்மேல் நிறமற்ற பாகு பூசினால் பழத்தின் நிறமே உள்ளிருந்து பிரகாசிக்கும். சாயமில்லாத பண்டம் என்று சொல்லி விற்பதே நல்ல விளம்பரம்.

சொந்தப் பழங்கள்

தோல் முழுமையாயுள்ள, சாறு வெளியே கசியாத பழமே பாகுக்கு ஏற்றது. அரைப்பழமான சிறு கொய்யா ஆப்பிளுக்கு ஒப்பாய் அமையும். நன்கு பழுத்தால் ஈரம் கசியும். பெருநெல்லியைக் குச்சிக்கு இரண்டாய்க் கோத்துப் பூசினால் துவர்ப்பும் இனிப்பும் கலந்து இனிதாயிருக்கும். கெட்டியான திராட்சையும் பொருந்தும். நறுக்கிய மாம்பழம், பப்பாளி, அன்னாசி முதலியவை ஒருபோதும் ஆகா; அவற்றின் சாறு பூச்சை உள்ளிருந்தே கரைத்துவிடும். பல நாள் வைத்திருக்க விரும்புவோர் நெல்லியைப் பாகிலேயே ஊறவைக்கும் பழைய முறையைக் கைக்கொள்வது தகும்.

விற்பனையும் மேற்பார்வையும்

விற்க எண்ணுவோர் பழம், சர்க்கரை, எரிபொருள், குச்சி, தாள், கூலி ஆகியவற்றோடு, அன்று விற்காமல் கழிக்க வேண்டியவற்றின் விலையையும் செலவில் சேர்த்தே இலாபம் பார்க்க வேண்டும். முதலில் 20 பழங்களுக்கு மேற்படாமல் செய்து, விற்கும் அளவையறிந்து பெருக்குவது விவேகம். 2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, வீட்டில் செய்து விற்கும் சிறு வியாபாரியும் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

கிராம உத்தியோகஸ்தர்கள் திருவிழாக் கடைகளில் மூன்று கேள்விகளைக் கேட்டால் போதும்: பண்டம் இன்று செய்ததா, வர்ணம் எது, கழுவிய தண்ணீர் எங்கிருந்து வந்தது. இம்மூன்றுக்கும் தயங்காமல் பதில் சொல்லும் கடைக்காரரிடம் குழந்தைகள் அச்சமின்றி வாங்கலாம். குடும்பத்தார் கைப்பாகமாய்ச் செய்து, அன்றன்றே விற்று, ஈரத்திற்கு இடங்கொடாமல் நடத்தினால், சந்தையில் மலிவாய்க் கேட்கப்படும் சிறு கொய்யாவும் நெல்லியும் நல்ல விலைக்குப் போகும் பண்டமாகும்.