ஒரு முள்ளுக்குப் பல நாமம்

கிள்ளான் துறைமுகத்தை அடுத்த தஞ்சோங் ஹராப்பான் கரையில் தூண்டில் வீசி நிற்பவர்களின் சம்பாஷணைக்குச் சற்றே செவிகொடுத்தால், தந்தை ‘தூண்டில்கோல்’ என்பதை மகன் ‘ஜோரான்’ என்றும், அருகில் நிற்கும் சிநேகிதர் ‘ராட்’ என்றும் சொல்லக் கேட்கலாம். ஆயினும் பொருள் விளங்காமல் விழிப்பவர் அம்மூவரில் ஒருவரும் இலர். மூன்று பாஷைகளின் சொற்கள் ஒரு கூடையில் கிடந்தும் காரியம் தடைப்படாமல் நடப்பதே இப்பிரதேசத்துத் தூண்டிற்காரர்களின் விசேஷம்.

இதற்குக் காரணம் தேடுவோர் சரித்திரத்தைச் சிறிது புரட்ட வேண்டும். 1901ஆம் ஆண்டில் சுவெட்டன்ஹாம் துறைமுகம் என்ற பெயரோடு திறக்கப்பட்ட இத்துறைக்கும், சூழ்ந்திருந்த ரப்பர்த் தோட்டங்களுக்கும், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸின் ரயில்வே குடியிருப்புகளுக்கும் வந்து சேர்ந்த தமிழர் ஒரே ஊரார் அல்லர். தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆர்க்காடு ஜில்லாக்களிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களும், யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே உத்தியோகத்திற்கு வந்தவர்களும் தத்தம் ஊர்ப் பேச்சையும் கூடவே கொண்டுவந்தனர்.

நீர்மேல் மிதந்து மீன் கடிப்பதை அறிவிக்கும் சிறு துண்டை எடுத்துக்கொள்வோம். அதன் தொழிலைக் கண்டவர் மிதப்பு என்றனர். அது செய்யப்படும் பொருளைக் கண்டவர் தக்கை என்றும் நெட்டி என்றும் வழங்கினர். இன்று அது பிளாஸ்டிக்கால் ஆனதாயினும் தக்கை என்ற பெயர் தக்கையாகவே நிற்கிறது. அவ்வாறே மண்புழு, தமிழகத்தின் தென்ஜில்லாக்களில் நாங்கூழ் ஆகிறது. கிள்ளான் கடற்கரையில் இரையாகும் சேற்றுப்புழுவோ பும்புன் என்ற மலாய்ப் பெயராலேயே வழங்குகிறது.

நைலான் இழையின் பெயர் இதனினும் சுவையானது. 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அறிவிக்கப்பட்ட அந்தச் செயற்கை இழை பட்டு நூலையும் பருத்திக் கயிற்றையும் தூண்டிலிலிருந்து விலக்கிவிட்டது. அதனை மலாயர் ‘தாலி தங்சி’ என்பர். மலாயில் கயிற்றுக்குத் தாலி என்று பெயர். இலங்கைத் தமிழர் தங்கூசி என்றும், தமிழகத்துக் கரையோரத்தார் தங்கூஸ் என்றும், நரம்பு என்றும் சொல்வர். கடல்கள் இடையிட்ட மூன்று கரைகளில் ஏறத்தாழ ஒரே ஒலி கேட்பது கவனிக்கத்தக்கது.

தூண்டில் முள்ளைப் பற்றியோ ஒவ்வொரு ஜனத்தாருக்கும் ஒவ்வொரு பார்வை. தமிழர் அதன் கூர்மையை நினைத்து முள் என்றனர். ஆங்கிலேயர் வளைவை நினைத்துப் பெயரிட்டனர். மலாயர் ‘மாத்தா காயில்’ என்கின்றனர். கண்ணுக்கு வழங்கும் மாத்தா என்னும் சொல்லே அம்மொழியில் கத்தியின் வாய்க்கும் ஆயுதத்தின் கூருக்கும் வழங்கும். ஆங்கிலத்திலோ கண் என்பது நூல் கோக்கும் துவாரமாதலால், இரு பாஷைகளையும் கலந்து பேசும் புதியவர் சற்றுத் தடுமாறுவதுண்டு. கோலைப் பற்றிய நம் நினைவும் பழமையானது: யானை வளைத்துவிட்ட மூங்கில் நிமிர்வதை மீன்பிடித் தூண்டில் மேலெழுவதற்கு ஒப்பிட்ட குறுந்தொகைப் புலவருக்கு, அவ்வுவமையே மீனெறி தூண்டிலார் என்ற பெயரைத் தந்தது.

நூல் சுற்றும் உருளையோ நமக்குப் பிற்காலத்தில் வந்தது. சீன ஓவியர் மா யுவான் 1195ஆம் ஆண்டளவில் தீட்டிய சித்திரத்திலேயே அது காணப்படினும், தமிழ்ப் பேச்சில் அதற்கெனத் தனிப்பெயர் வேரூன்றவில்லை. மலாய் அகராதி ‘கெக்கிலி’ என்று கூறும். கரையில் நிற்பவர் வாயில் வருவதோ ‘மெசின்’. பின்லாந்துக்காரரான லௌரி ரப்பாலா 1936ஆம் ஆண்டில் செதுக்கிய பொய்மீனின் பெயரோ, பிறர் செய்யும் பொய்மீன்களுக்கும் பொதுப்பெயராக வழங்கும் அளவுக்குப் பரவியது.

பிரதேச வழக்கு போகத் தனிமனித வழக்கு என ஒன்றும் உண்டு. தமிழ்ப்பள்ளியில் படித்தவர், மலாய்ப்பள்ளியில் படித்தவர், கட்டணக் குளத்தில் பழகியவர், படகேறிக் கடலுக்குச் செல்பவர் என ஒவ்வொருவரும் முதலில் தமக்குக் கற்பித்தவரின் சொல்லையே கைவிடாமல் வழங்குவர். அனுபவம் முதிர்ந்த சிலரோ பெயரையே விட்டுவிட்டு எண்ணால் பேசுவர். ‘நாலாயிரம்’ என்றால் உருளையின் அளவு என்று கடைக்காரர் அறிவார்.

ஆனால் எண்ணும் ஏமாற்றவல்லது. முள்ளின் எண் 10, 6, 2 என்று குறையக் குறைய அதன் உருவம் பெரிதாகும். 1 என்ற எல்லையைக் கடந்தபின் 1/0, 2/0 என்று ஏற ஏறப் பெரிதாகும். நைலான் இழையைத் தாங்கும் வலிமையின் பவுண்டுக் கணக்கிலும், பின்னிய இழையை ஜப்பானிய ‘பி.ஈ.’ எண்ணாலும் விற்பர். ஆகவே கடைக்குச் செல்லும் புதியவர், பெயரை மட்டும் சொல்லி நிற்காமல், பிடிக்க விரும்பும் மீனையும் சொல்லி, பழைய முள் ஒன்று இருப்பின் அதனையும் காட்டி வாங்குதல் சௌகரியம்.

இத்தனை பெயர்களுள் எது சுத்தம், எது அசுத்தம் என்று தீர்ப்புக் கூறுவது வீண் வேலை. ஒருவர் எங்கே பிறந்தார், எவரிடம் கற்றார், எந்த நீரில் தூண்டில் போட்டார் என்பதற்கு அவர் வழங்கும் சொல்லே சாட்சியாகும். ஆயினும் மெசினும் ஜோரானும் கடைகளில் என்றும் கிடைக்கும். நெட்டியும் நாங்கூழும் முதியோர் நாவில் மட்டுமே கிடைக்கும். அடுத்த முறை கரைக்குச் செல்லும் வாசகர்கள், பக்கத்தில் நிற்கும் பெரியவரிடம் அவர் ஊரில் இவற்றை எப்படி அழைத்தார்கள் என்று கேட்டு, சொல்லையும் ஊரையும் சேர்த்துக் குறித்துவைப்பார்களாக.